புள்ளி இடம் மாறி விழுகிறதா? தீர்க்கரேகைக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இப்போது தீர்க்கரேகை எண் கேட்காத இடம் குறைவு. செம்பனை (எண்ணெய்ப்பனை)க் குலை வாங்கும் வியாபாரி நிலத்தின் எண்ணைக் கேட்கிறார். இடித்துவிட்ட லயங்களையும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இடம் மாறிய தோட்டத்துக் கோயில்களையும் வரைபடத்தில் பதிந்து வைக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு அது வேண்டும். தாத்தா கப்பலேறி வந்த கிராமத்தைத் தேடுகிறவர்களுக்கும் வேண்டும். ஜாதகம் கணிக்கும் செயலிகூட "பிறந்த இடத்தின் தீர்க்கரேகை" என்று ஒரு கட்டத்தைக் காட்டி நிற்கிறது. எண்ணைப் போட்டதும் புள்ளி நம் ஊரில் விழாமல் வேறெங்கோ போய் உட்கார்ந்தால், "ஜிபிஎஸ் சரியில்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். ஜிபிஎஸ் மேல் தப்பு இருப்பது அபூர்வம். பெரும்பாலும் எண் சரியாகவே இருக்கும். அதை எழுதியவர் ஒரு முறையில் எழுதியிருப்பார், வாங்கிய செயலி வேறு முறையில் வாசித்திருக்கும்.

அதனால் எதையும் திருத்தப் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். புள்ளி விழுந்த இடத்துக்கும் விழவேண்டிய இடத்துக்கும் எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று வரைபடச் செயலியிலேயே அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோளாறு என்ன என்பது பாதிக்கு மேல் அந்த அளவிலேயே தெரிந்துவிடும்.

அளப்பதற்கு ஒரு கணக்கு தேவை. தீர்க்கரேகை என்பது கோணம், தூரம் அல்ல. கிரீனிச் வழியாக வடதுருவத்திலிருந்து தென்துருவம் வரை போகும் கோட்டைச் சுழி என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து கிழக்கே 180 டிகிரி, மேற்கே 180 டிகிரி வரை எண்ணுகிறோம். வடக்கு தெற்கைச் சொல்லும் அட்சரேகைகள் ஒன்றுக்கொன்று இணையாகப் போகும். தீர்க்கரேகைகள் அப்படியல்ல, நிலநடுக்கோட்டில் அகன்றிருந்து துருவங்களில் ஒன்றாகக் கூடிவிடும். ஒரு டிகிரி தீர்க்கரேகை நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், லண்டனில் ஏறக்குறைய 69 கிலோமீட்டர்தான். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டியே இருப்பதால் இங்கே அது 111க்கு மிக அருகில். எனவே நம் ஊர்க் கணக்குக்கு 0.01 டிகிரி என்றால் 1.1 கிலோமீட்டர், 0.001 என்றால் 110 மீட்டர் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

உதாரணத்துக்கு ஊருக்குள்ளேயே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம்: வடக்கு 4.82, கிழக்கு 101.075. கடைசி வரை இதையே வைத்துப் பார்க்கலாம்.

செயலி எண்ணையே ஏற்க மறுக்கிறது

வரிசை மாறியிருக்கிறது. வரைபடச் செயலிகளில் நாம் தட்டும்போது பெரும்பாலும் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அடுத்து. ஆனால் வரைபடப் புள்ளிகளைச் சேமிக்கும் ஜியோஜேசன், கேஎம்எல் போன்ற கோப்புகளில் தீர்க்கரேகைதான் முதலில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எண்களை ஒட்டும்போது இடம் மாறிவிடும்.

நம் நாட்டில் இது உடனே பிடிபடும். மலேசியாவின் தீர்க்கரேகை முழுக்க லங்காவிப் பக்கம் 99 டிகிரியைத் தாண்டித் தொடங்கி, சபாவின் கிழக்கு முனையில் 119 டிகிரி சொச்சத்தில் முடிகிறது. அட்சரேகை 90ஐத் தாண்ட முடியாது. ஆக, 101.075ஐ அட்சரேகைக் கட்டத்தில் போட்டால் செயலி மறுத்தே ஆகவேண்டும். தமிழ்நாட்டு ஊர்களுக்கு அந்தக் காவல் கிடையாது. சென்னையை 13.08, 80.27 என்பதற்குப் பதில் 80.27, 13.08 என்று மாற்றிப் போட்டால் செயலி மறுக்காமல் வாங்கிக்கொண்டு, நார்வேக்கும் வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளைத் தாண்டிய ஆர்க்டிக் கடலைக் காட்டும். சொந்த ஊரைத் தேடும்போது பனிக்கடல் வந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம், எண்களை இடம் மாற்றுங்கள்.

புள்ளி பசிபிக் கடலில் விழுகிறது

கிழக்கு மேற்காகிவிட்டது. 101.075க்கு முன் ஒரு கழித்தல் குறி ஒட்டிக்கொண்டால், சுங்கை சிப்புட் கலாபகோஸ் தீவுகளுக்கும் மேற்கே நடுக்கடலுக்குப் போய்விடும். மலாய் மொழி வரைபடங்களிலிருந்து எண்ணை எடுக்கும்போதும் கவனம் வேண்டும். அங்கே கிழக்கு தீமோர், மேற்கு பாராட். முதலெழுத்தை மட்டும் போட்டிருப்பார்கள். ஆங்கிலச் செயலிக்கு அந்த எழுத்துகள் புரியாது. எழுத்தை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் கொடுங்கள். கிழக்கு கூட்டல், மேற்கு கழித்தல்.

ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் விழுந்தால் அது சுழி, சுழி. செயலிக்கு எண்ணே போய்ச் சேரவில்லை என்று பொருள். இருப்பிட அனுமதி அணைந்திருக்கும்போது எடுத்த படங்களைச் சில செயலிகள் இப்படித்தான் அங்கே குவித்து வைக்கும்.

சில கிலோமீட்டரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வரை தள்ளி விழுகிறது

எங்கள் பக்கம் அதிகம் காண்பது இதைத்தான். நிலத்தின் எண்ணை எழுதிக் கொடுத்து, வியாபாரி திருப்பி அனுப்பும் பாரங்களில் (படிவங்களில்) முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே.

ஒரே புள்ளியை மூன்று விதமாக எழுதலாம். டிகிரி, நிமிடம், விநாடி என்று எழுதினால் நம் புள்ளி வடக்கு 4 டிகிரி 49 நிமிடம் 12 விநாடி, கிழக்கு 101 டிகிரி 04 நிமிடம் 30 விநாடி. கடல், வான் போக்குவரத்தில் பழகியவர்கள் விநாடியை விட்டுவிட்டு 4 டிகிரி 49.2 நிமிடம், 101 டிகிரி 04.5 நிமிடம் என்பார்கள். கைப்பேசி 4.82, 101.075 என்று தசமத்தில் சொல்லும். மூன்றும் ஒன்றுதான். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. தசமமாக்க நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3600ஆலும் வகுத்து டிகிரியோடு கூட்ட வேண்டும்.

பலர் வகுக்காமல் புள்ளியை மட்டும் வைத்துவிடுகிறார்கள். 4 டிகிரி 49 நிமிடம் என்பது 4.49 ஆகிறது, 101 டிகிரி 04 நிமிடம் 101.04 ஆகிறது. அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்: ஈப்போவையும் தாண்டித் தெற்கே, பத்து காஜாவை ஒட்டி விழும். ஏறத்தாழ 37 கிலோமீட்டர் பிசகு. அறுபதில் ஒன்றை நூறில் ஒன்றாக வாசித்தால் எண் எப்போதும் குறையும். கிழக்கு, வடக்கு எண்கள் குறைந்தால் புள்ளி தென்மேற்குப் பக்கமாகத்தான் நகரும். ஆகவே தென்மேற்கே தள்ளியிருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான் காரணம். வடகிழக்கே தள்ளியிருந்தால் நேர்மாறு: தசம எண்ணை நிமிடக் கட்டத்தில் போட்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு, அதுவும் நம் ஊருக்கே பொருந்துவது. 04 நிமிடத்தின் சுழியை விட்டுவிட்டு 101.4 என்று எழுதினால் எண் குறையாமல் கூடிவிடும். 4.49, 101.4 எங்கே தெரியுமா? கேமரன் மலையில், பிரிஞ்சாங் பக்கத்தில். செம்பனை நிலத்தைத் தேயிலை மலையில் காட்டும் பாரத்தைப் பார்த்தால் அந்தச் சுழியைத் தேடுங்கள். நிமிடமும் விநாடியும் ஒற்றை இலக்கமானால் முன்னால் ஒரு சுழி போட்டே எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் விடாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

கையில் இருப்பது தசமமா, நிமிடமா என்று தெரியவில்லையா? பட்டியலில் உள்ள எல்லா எண்களையும் பாருங்கள். புள்ளிக்கு அடுத்த இரண்டு இலக்கம் எங்காவது 60ஐத் தொட்டால் அது நிமிடமாக இருக்க முடியாது. இருபது முப்பது எண்களில் ஒன்றுகூட 59ஐத் தாண்டவில்லை என்றால் பெரும்பாலும் நிமிடம்தான். ஆனால் எல்லாப் புள்ளிகளும் ஒரே தோட்டத்துக்குள் இருந்தால் இந்தச் சோதனை உதவாது; அந்த இலக்கங்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கும்.

அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், நேர் கிழக்கே அல்லது மேற்கே

எண் 730,000, 533,000 என்பது போலப் பெரிதாக இருக்கிறதா? அது தீர்க்கரேகையே இல்லை, யூடிஎம் முறையில் மீட்டர் கணக்கு. அந்த முறை உலகத்தை ஆறு ஆறு டிகிரி அகலமான மண்டலங்களாகப் பிரிக்கிறது. 102 டிகிரி கோடு தீபகற்பத்துக்குள்ளேயே ஓடுவதால் நமக்கு இரண்டு மண்டலம்: ஈப்போ, கோலாலம்பூர், சிரம்பான் எல்லாம் 47, கோலா பிலா, பகாவ், சிகாமட், குளுவாங் எல்லாம் 48. நம் புள்ளியை 48 என்று போட்டால் ஆறு டிகிரி கிழக்கே போய் நத்துனா தீவுகளுக்கு வடமேற்கே தென்சீனக் கடலில் விழும். மண்டல எண்ணை மாற்றினால் சரியாகிவிடும்.

எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில், ஒரே அளவில், 150 மீட்டர் தள்ளியிருக்கின்றன

இது பிழை மாதிரியே தெரியாத பிழை. ஒரு தோட்டத்தின் பழைய வரைபடத்தைப் பார்த்துக் கோயில், ஆயாக்கொட்டகை, ரப்பர் ஸ்டோர், பழைய லயம் என்று பத்துப் புள்ளிகளை எடுத்திருப்பீர்கள். கைப்பேசியில் போட்டால் பத்தும் ஒன்றுக்கொன்று சரியான இடைவெளியில் இருக்கும்; ஆனால் மொத்தமாக 150 மீட்டர் வாக்கில் கிழக்கே நகர்ந்து, கோயில் ஆற்றுக்குள் நிற்கும்.

பழைய வரைபடத்தில் குறை இல்லை, கைப்பேசியிலும் இல்லை. பூமி முழு உருண்டை அல்ல. துருவங்களில் சற்றுத் தட்டையானது. எந்த அளவுள்ள கோளத்தை வைத்துக் கணக்குப் போடுகிறோம், அதைப் பூமியோடு எந்த இடத்தில் பொருத்துகிறோம் என்பதைச் சர்வேக்காரர்கள் டேட்டம் என்பார்கள். தீபகற்ப மலேசியாவின் பழைய வரைபடங்கள் பகாங்கில் உள்ள கெர்த்தாவ் என்ற நிலையத்தில் பொருத்திய டேட்டத்தில் வரைந்தவை. கோளத்தின் அளவு எவரெஸ்ட் 1830 என்பதன் ஒரு திருத்திய வடிவம். கைப்பேசி பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. 2003இல் நாடு ஜிடிஎம் 2000 என்ற புதிய டேட்டத்துக்கு மாறியது. அது ஜிபிஎஸ் காட்டுவதோடு கைப்பேசி அளவுக்குப் பொருந்திப் போகும். பழைய வரைபடத்தின் எண்ணை அப்படியே போடாமல், கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் "கெர்த்தாவ்" என்று டேட்டத்தைக் குறிப்பிட்டு ஏற்றுங்கள். மாற்றத்தை அதுவே செய்துகொள்ளும். செய்த பிறகு, இன்றும் இடம் மாறாமல் இருக்கும் ஒன்றை, ரயில் பாலமோ பழைய சாலைச் சந்திப்போ, வைத்துச் சரிபாருங்கள். எவரெஸ்ட் என்ற பெயர் இங்கே எப்படி வந்தது என்றால், அந்தக் கணக்கின் வேர் இந்திய அளவைப் பணியில் இருக்கிறது. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையை ஒட்டி அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும்பணி அது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த கோளம் கடல் தாண்டி மலாயாவுக்கும் வந்தது. இங்கத்திய பால்மர (ரப்பர்)க் காட்டின் எல்லையும் திருச்சிப் பக்கத்து வயலின் எல்லையும் ஒரே கோளத்தின் மேல் வரையப்பட்டன என்பதை நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நெகிழும்.

தாத்தாவின் கிராமம் நாலைந்து கிலோமீட்டர் கிழக்கே விழுகிறது

தனியாகச் சொல்ல வேண்டிய அறிகுறி இது. பூர்வீக ஊரைத் தேடுகிறவர்கள் பலர் பழைய இந்திய சர்வே படங்களை இணையத்தில் பார்த்து எண் எடுக்கிறார்கள். கிராமம் கிடைப்பதில்லை, புள்ளி வெறும் பொட்டலில் நிற்கிறது. ஊர் அழிந்துவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

அந்தப் படங்கள் தீர்க்கரேகையைச் சென்னை வானாய்வுக்கூடத்திலிருந்து எண்ணின. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய கூடம் அது. அது கிரீனிச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே இருக்கிறது என்பதை வானத்தைப் பார்த்துத்தான் கணித்தார்கள். பிற்பாடு தந்திக் கம்பி வழியாக இரண்டு ஊர் நேரத்தையும் ஒப்பிட முடிந்தபோது, பழைய எண் சுமார் இரண்டரை நிமிடம் கூடுதல் என்று தெரிந்தது. நம் கணக்கில் அது நாலரை கிலோமீட்டர். பல படங்களின் விளிம்பில் சிறிய எழுத்தில் இந்தத் திருத்தத்தைக் குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்பு இருந்தால் தீர்க்கரேகையிலிருந்து அவர்கள் சொன்ன அளவைக் கழியுங்கள், அட்சரேகையைத் தொடவேண்டாம். புள்ளி மேற்கே நகர்ந்து ஊரை நெருங்கும். மிச்சம் இருக்கும் சிறு பிசகு மேலே சொன்ன டேட்டம் விவகாரம். ஊரைக் கண்டுபிடிக்க அது தடையில்லை, ஏரியும் கோயிலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஐந்து, பத்து, இருபது மீட்டர் ஆடுகிறது

செம்பனை மட்டைக்கு அடியில் நின்றால் ஆடத்தான் செய்யும். வானம் மறைந்து, சிக்னல் மரத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. வெட்டவெளிக்கு வந்து, ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் நின்று எடுங்கள்.

இன்னொன்று இலக்கம். யாரோ எண்ணை 101.08 என்று சுருக்கிவிட்டால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். ஐந்து தசம இலக்கம் என்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர், ஆறு என்றால் 11 சென்டிமீட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுக் காடழிப்பு ஒழுங்குமுறை, செம்பனை உள்ளிட்ட பொருள்கள் விளைந்த நிலத்துக்குக் குறைந்தது ஆறு தசம இலக்கத்தில் எண் கேட்கிறது. நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் என்றால் ஒரு புள்ளி போதாது, எல்லையைச் சுற்றி வரைந்து கொடுக்கவேண்டும். வியாபாரிகள் திடீரென்று எண் கேட்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். "அண்ணே, நாலு இலக்கம்தான் இருக்கு, பின்னாடி ரெண்டு சுழி சேர்த்துடவா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம் தம்பி. சுழி சேர்த்தால் பாரம் நிறையும், நிலம் பத்து மீட்டர் தள்ளியே இருக்கும். அந்தப் பத்து மீட்டர் பக்கத்து நிலத்துக்காரருடையதாகவோ காட்டு ஒதுக்கீடாகவோ இருக்கலாம். திரும்பிப் போய் எடுத்து வருவதுதான் ஒழுங்கு. ஆறு இலக்கம் காட்டுகிறது என்பதற்காகக் கைப்பேசி 11 சென்டிமீட்டர் துல்லியமாக அளந்துவிட்டது என்றும் நம்பவேண்டாம்.

இடம் சரி, நேரம் ஒத்துவரவில்லை

ஜாதகம், பஞ்சாங்கம், சூரிய உதயம் பார்க்கிறவர்களுக்கு வரும் கோளாறு. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுழல்கிறது; ஒரு மணிக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். கடலிலும் பிசகாமல் ஓடும் ஹாரிசனின் கடிகாரம் வரும்வரை மாலுமிகள் பட்ட பாடெல்லாம் இந்தக் கணக்குக்குத்தான்: கடிகாரம் நான்கு விநாடி பிசகினால் நிலநடுக்கோட்டில் கப்பல் ஒரு கடல்மைல் தப்பும்.

நம் கடிகாரம் கிரீனிச்சுக்கு எட்டு மணி முன்னால் ஓடுகிறது. எட்டு மணி என்றால் 120 டிகிரி. மலேசியாவின் எந்த மூலையும் 120 டிகிரியைத் தொடுவதில்லை. சுங்கை சிப்புட் 101.075இல் இருப்பதால் சூரியன் நம் கடிகாரத்துக்கு ஏறக்குறைய 76 நிமிடம் பின்தங்கி வருகிறது. இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 1 மணி 16 நிமிடத்துக்கு. உதயம் ஆண்டு முழுக்க ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில். காலை ஆறு மணி உதயத்தை வைத்துப் போட்ட தமிழ்நாட்டு நாள்காட்டியின் திங்கள் ராகுகாலம் ஏழரைக்குத் தொடங்கும். இங்கே உதயத்திலிருந்து கணக்கிட்டால் எட்டே முக்கால் வாக்கில்தான் வரும்.

இதை நீங்களே பார்க்கலாம். டிசம்பர் 25 போன்ற ஒரு நாளில், சமதரையில் ஒரு நேரான குச்சியை நட்டு, பன்னிரண்டு மணி வாக்கில் நிழல் முனையில் ஒரு அடையாளம் வையுங்கள். குச்சியை மையமாக வைத்து அந்த அடையாளத்தின் வழியாக வட்டம் வரையுங்கள். நிழல் குறுகி, பிறகு நீண்டு, மறுபடியும் வட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறியுங்கள். இரண்டு நேரத்துக்கும் நடுவே வருவது உச்சிப்பொழுது. அன்றைக்குச் சூரியனும் கடிகாரமும் ஏறத்தாழ ஒத்துப்போகும் என்பதால், பன்னிரண்டைத் தாண்டி எத்தனை நிமிடம் என்று பார்த்து நான்கால் வகுத்து 120இலிருந்து கழித்தால் உங்கள் தீர்க்கரேகை வந்துவிடும். ஒரு நிமிடம் தவறினால் 28 கிலோமீட்டர் போகும். ஆனாலும் ஒரு குச்சியை வைத்து ஊரின் இடத்தைச் சொல்ல முடிவது சின்ன விஷயமா? இரண்டு அடையாளங்களுக்கும் நடுப்புள்ளியையும் குச்சியையும் சேர்த்துத் தரையில் ஒரு கோடு இழுங்கள். அதுதான் உங்கள் வாசல் வழியாகப் போகும் தீர்க்கரேகை.

ஜாதகத்தில் லக்னம் மாறுகிறது என்றால் பிறந்த ஆண்டைப் பாருங்கள். தீபகற்பம் எட்டு மணி நேரத்துக்கு மாறியது 1982 ஜனவரி 1இல்தான். போருக்குப் பிறகு அதுவரை ஏழரை மணி. ஜப்பானியர் காலத்தில் ஒன்பது மணி. 1975இல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவருக்கு எட்டு என்று போட்டால் அரைமணி பிசகு. லக்னம் ஏழரை பாகை நகரும், ராசி எல்லையில் இருந்தால் அடுத்த ராசியே வந்துவிடும். செயலி நேர மண்டலத்தைத் தானாக எடுத்துக்கொள்கிறதா, கையால் போட வேண்டுமா என்று முதலில் பாருங்கள். கையால் என்றால் 7.30 என்று கொடுங்கள். தீர்க்கரேகையை மாற்றி மாற்றிப் போட்டு "சரியான" லக்னத்தை வரவழைப்பது கணக்கு ஆகாது.

கிரீனிச்சிலேயே சுழி வரவில்லை

லண்டனுக்குப் போன பிள்ளை பித்தளைக் கோட்டின் மேல் நின்று படம் அனுப்புவான். கைப்பேசி சுழி காட்டாது. கோளாறு இல்லை. 1884 வாஷிங்டன் மாநாடு ஏற்றுக்கொண்டது ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் அங்கே நிறுவிய தொலைநோக்கி வழியாகப் போன கோடு. ஜிபிஎஸ் பயன்படுத்தும் சுழிக்கோடு அதற்கு 102 மீட்டர் கிழக்கே, பூங்காவுக்குள் போகிறது.

ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு பக்கம் போகிறது

மேலே சொன்ன எதிலும் சேராமல், ஒன்று வடக்கே, ஒன்று கிழக்கே, தூரமும் வேறு வேறு என்றால் கையால் பார்த்து எழுதியதில் இலக்கம் இடம் மாறியிருக்கிறது. 101.075 என்பது 101.057 ஆனால் இரண்டு கிலோமீட்டர். அப்படிப்பட்ட பட்டியலை மேசையில் உட்கார்ந்து திருத்த முயலவேண்டாம். எது சரி என்று எண்ணிலிருந்து தெரியாது. நிலத்துக்குப் போய், ஒரு மூலையில் தொடங்கி எல்லையை ஒரே திசையில் சுற்றி வந்து, ஒவ்வொரு மூலையிலும் எண்ணைக் கையால் எழுதாமல் செயலியிலேயே சேமியுங்கள். வாட்சாப்பில் அனுப்பும்போது முதல் வரியில் "டபிள்யூஜிஎஸ் 84, தசமம், அட்சரேகை முதலில்" என்று எழுதிவிட்டு அதன் கீழே எண்களை ஒட்டுங்கள்.